ஜமாத்துக்கு எழுதிக் கொடுத்த கடிதம்

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் எல்லோரும் சேர்ந்து அனுப்பிய கேள்விகளை என் மனைவி பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தாள். மொத்தம் பதினாலு. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பீர்கள். முழங்கால் வலியைக் கவனிக்கவே எனக்கு நாள் சரியாக இருக்கிறது. ஒரு மாசமாக அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்து, அதன்மேல் குழம்பு சிந்தி, நேற்று அவள் "எழுதப் போறீங்களா, தூக்கிப் போடட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

முதல் பதிமூன்று கேள்விகளை விட்டுவிடுகிறேன். ஒரு முஸ்லிம் நண்பரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது, எந்த வசனத்தை முதலில் காட்டுவது, பெருநாளுக்கு அழைத்தால் போகலாமா, பிரியாணி சாப்பிடலாமா. இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பில் புத்தகம் கொடுத்திருப்பார்கள். பிரியாணி சாப்பிடுங்கள், அவ்வளவுதான். பதினாலாவது கேள்வி, "உங்கள் ஊழியத்தில் ஆண்டவர் செய்த மறக்க முடியாத காரியம் ஒன்றைப் பகிரவும்" என்று இருக்கிறது. அவர் செய்தது எவ்வளவோ இருக்கும். நான் செய்த ஒன்றை எழுதுகிறேன். என்னால் மறக்க முடியாதது அதுதான்.

நான் பட்டினப்பாக்கத்துக்காரன். மீன்காரக் குடும்பம். இளவயதில் மனம் திரும்பி இந்த வேலைக்கு வந்தவன். ராஜா அண்ணாமலைபுரத்தில் நமக்கிருந்த சின்ன அலுவலகத்திலிருந்து ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை என்று முஸ்லிம்கள் வாழும் தெருக்களில் செருப்புத் தேய நடந்தேன். கடைசிச் சில வருடங்கள் அகதிக் குடும்பங்களுக்கான உதவி வேலை. அரிசி, போர்வை, பள்ளிக்கூடச் சேர்க்கை, ஆஸ்பத்திரி. அப்படித்தான் நூர் ஆலமும் அவர் மனைவி சஃபூராவும் எனக்குத் தெரிய வந்தார்கள்.

பர்மாவில் அவர்கள் கிராமத்தை எரித்துவிட்டார்கள். படகில் தப்பி வரும்போது நாலு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நடுத்தண்ணீரில் என்ன செய்வது? தண்ணீரிலேயே விட்டார்கள். எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் சென்னை. சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஷரீப் பாய் தன் கிடங்குக்கு மேலே இருந்த ஒரு அறையை அவர்களுக்கு விட்டிருந்தார். அந்தப் பகுதி ஜமாத்துக்கு அவர்தான் செயலாளர். நூர் ஆலம் வண்டி தள்ளிக்கொண்டு பழைய இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்குவார். சஃபூராவை நான்தான் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் என் அண்ணியின் கடையில் மீன் வெட்டச் சேர்த்துவிட்டேன். அங்கேதான் அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு 'நீங்க' என்ற சொல்லே தெரியாது. "சார், நீ சாப்ட்டியா?" என்றுதான் கேட்பாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஷரீப் பாய்க்கு நான் யார், எந்த வேலையாக வருகிறேன் என்பது முதல் நாளே தெரியும். நான் ஒளிக்கவும் இல்லை. கடை வாசலில் நிறுத்தி வைத்து ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "நீங்க நல்லது பண்றீங்க, பண்ணுங்க. நான் தடுக்கல. ஆனா பாவம், ஓடி வந்த சனம். அவங்க கஷ்டத்துல உங்க சாயத்த பூசாதீங்க." நான் சரி என்று சொன்னேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

பிறகு நூர் ஆலமுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் மூன்று தடவை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். சஃபூரா விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போனால் மதியம்தான் வர முடியும். ஆகவே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது என் வேலை. ஆறு மாதம் போனேன். இதில் பெருமை எதுவும் இல்லை. அந்த மனுஷனோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் போனேன். ரத்தமே ஓடாத முகம், ஆனால் வாய் மட்டும் ஓயாது. டாக்டர் வேண்டாமென்ற சர்க்கரையை டீயில் மூன்று கரண்டி போடச் சொல்லி டீக்கடைக்காரரிடம் கண்ணடிப்பார். நான் அவருக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டால், "பண்ணு சார். நானும் துவா கேக்கறேன். ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காச்சும் லைன் கிடைக்கும்" என்பார். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். நிஜமாகவே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

இந்த இடத்தில் நம் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கும் சீக்கிரம் தெரியவரும். மாத அறிக்கையில் 'தீர்மானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் மூலமாக ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள் யார் என்று அதில் எழுத வேண்டும். முஸ்லிம்கள் மத்தியில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கட்டம் வருஷக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். எனக்கும் கிடந்தது. கூட்டம் நடக்கும்போதெல்லாம் நம் இயக்குநர் என் தாளை மட்டும் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கனி எங்க பிரதர்?" என்பார். கோபமாக அல்ல, அன்பாக. அந்த அன்புதான் ஆளைக் கொன்றது. கிராமங்களில் வேலை செய்த தம்பிமார் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தபோது, நான் போர்வை கொடுத்ததையும் ஆட்டோவில் போனதையும் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

ஒரு மாதக் கடைசி. நூர் ஆலம் நாலு நாளாக வார்டிலேயே படுத்திருந்தார். மூச்சு வாங்கியது. காலையில் நான் போனபோது விழித்துக்கொண்டிருந்தார், ஆனால் பழைய வாய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "நூர் பாய், ஈசா உங்களைக் குணமாக்க முடியும்னு நம்புறீங்களா?" என்று கேட்டேன். ஈசா என்பது முஸ்லிம்கள் இயேசுவைச் சொல்லும் பெயர். அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினார். நான் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்தேன். அன்று மதியமே அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு திரும்பவில்லை.

மறுநாள் நம் ஜெப மடல் போக வேண்டிய நாள். அதுதான், மாதாமாதம் நாம் வாட்ஸாப்பில் ஆதரவாளர்களுக்கு அனுப்புவது. என் பகுதிக்கு அரைப் பக்கம். நான் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத எனக்கே கண்ணீர் வந்தது, அது வேறு. 'கூவம் கரையோரம் வாழும் ஒரு பர்மியச் சகோதரர், மரணப் படுக்கையில் இயேசுவைத் தன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டார்' என்று எழுதினேன். பாதுகாப்புக்காகப் பெயரை மாற்ற வேண்டும் என்பது நம் விதி. மாற்றினேன். பெயரை மட்டும். பழைய இரும்பு பொறுக்குகிறவர் என்று எழுதினேன். சிறுநீரகம் கெட்டுப்போனதை எழுதினேன். மனைவி சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வெட்டுகிறாள் என்பதையும், ஒரே மகளைத் தண்ணீரில் விட்டதையும் எழுதினேன். அப்போதுதானே வாசிக்கிறவர்கள் உருகுவார்கள். சென்னை முழுக்கச் சல்லடை போட்டாலும் அந்த வர்ணனைக்கு இரண்டாவது ஆள் கிடைக்கமாட்டான். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இயக்குநர் அன்று மாலையே கூப்பிட்டு, "பிரதர், படிச்சிட்டு முழங்கால்ல நின்னேன்" என்றார். ஊழியத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கியது அன்றைக்குத்தான்.

மடல் போன எட்டாம் நாள் காலை ஏழரை மணிக்கு சஃபூரா போன் செய்தாள்.

"சார், அவரு போயிட்டாரு."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள்.

"அத்த அப்பறம் சொல்லு. ஷரீப் பாய் கபர்ஸ்தானுக்கு சீட்டு தரமாட்டேன்றாரு. அவரு கிறிஸ்டின் ஆயிட்டாருன்னு போன்ல கீதாம். நீதான் எழுதினியாம். சார், இன்னா எழுதினே நீ?"

விஷயம் இதுதான். முஸ்லிம் ஒருவர் இறந்தால் 'இவர் எங்களைச் சேர்ந்தவர்' என்று அந்தப் பகுதி ஜமாத் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் அவர்களுடைய அடக்க இடமான கபர்ஸ்தானில் குழி வெட்டுவார்கள். அடக்கத்தைத் தள்ளிப்போடவும் மாட்டார்கள், சாயங்காலத் தொழுகைக்குள் முடித்துவிடுவது வழக்கம். நம் மடல் யார் யார் கை மாறியோ, எந்தெந்த குரூப்பிலோ சுற்றி, அந்தத் தெருவுக்கே வந்து சேர்ந்திருந்தது.

மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்தேன். வழியிலேயே இயக்குநருக்குப் போன் செய்தேன். அவரிடம் சொல்லாமல் செய்வது முறையில்லை என்று நினைத்தேன். சொன்னதும் அவர் குரலில் ஒரு வேகம் வந்தது.

"பிரதர், இது ஆண்டவர் திறக்கற வாசல். அவங்க எடுக்கலன்னா நாம எடுத்துக்குவோம். கல்லறையில இடத்துக்கு நான் இப்பவே பேசறேன். நாலு சபையில இருந்து ஆள் வருவாங்க. மரியாதையா அடக்கம் பண்ணுவோம்."

"ஐயா, அந்தப் பொண்ணு அத கேக்கலையே. அவங்க ஆளுங்ககூட வைக்கணும்னு கேக்கறா."

"அவங்களுக்கு என்ன தெரியும் பிரதர்? அவரோட தீர்மானம்தானே முக்கியம்? நீங்கதானே கூட இருந்தீங்க?"

"அவர் தலையாட்டினாரு ஐயா. அவ்வளவுதான்."

ராயப்பேட்டையில் சிக்னல் விழுந்தது.

"எழுத்துல எதுவும் குடுத்துடாதீங்க" என்றார் பிறகு. "மடல் ஆயிரக்கணக்கான பேருக்குப் போயிருக்கு. இப்ப இல்லைன்னு எழுதிக் குடுத்தா நாம பொய்யர்னு ஆயிடும்."

நான் போனை வைத்துவிட்டேன். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷர் நிஜமாகவே ஒரு ஆத்துமா சேர்ந்தது என்று நம்பினார். நம்ப வைத்தவன் நான்.

கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். உள்ளே ஷரீப் பாய். கூட ஜமாத்தைச் சேர்ந்த நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில். கிடங்குக்குப் போகும் படியில் சஃபூரா உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள் போல, முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது. என் அண்ணி பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சஃபூரா மட்டும் எழுந்து வந்தாள். அழவில்லை.

"சார், என் பொண்ணு தண்ணியில போச்சு. எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது. இவருக்காச்சும் மண்ணு குடு சார்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நான் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.

ஷரீப் பாய் தன் போனை என் முன்னால் வைத்தார். நம் மடல். தமிழை அவர் தடுக்கித் தடுக்கித்தான் வாசிப்பார், ஆனால் வாசித்திருந்தார்.

"இது நீங்க எழுதுனதுதானே?"

"ஆமா பாய்."

"உண்மையா?"

நான் போனை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினேன்.

"பாருங்க, நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல" என்றார் அவர். "ஆறு மாசம் நீங்க அவரத் தூக்கினு போனத இந்தத் தெருவே பாத்துச்சு. ஆனா இப்ப நான் என்னா பண்றது? இது உண்மைன்னா அவரு ஆசைப்படி நீங்க எடுத்துக்கினு போங்க. செத்தவன் ஆசைக்குக் குறுக்க நான் நிக்கமாட்டேன். பொய்யின்னா எழுதிக் குடுங்க. ரெண்டும் இல்லாம நான் வச்சுட்டு, நாளைக்கு உங்க ஆளுங்க வந்து எங்க சகோதரர எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டா நான் யாருக்கு பதில் சொல்லுவேன்? இவங்களும் என்னைத்தானே கேப்பாங்க?"

சுற்றி இருந்தவர்களைக் கைகாட்டினார். அவர்கள் முகங்களில் கோபம் இருந்தது, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நாகரிகம் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவரு வாயால என்னா சொன்னாரு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் சொல்லல பாய். தலையாட்டினாரு."

"நீங்க என்னா கேட்டீங்க?"

"ஈசா உங்களக் குணமாக்க முடியும்னு நம்புறீங்களான்னு கேட்டேன்."

ஷரீப் பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் போய், ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

"அதுக்கு நானே தலையாட்டுவேனே, பாஸ்டர் சார்" என்றார்.

இத்தனை வருஷம் அவர்கள் மத்தியில் வேலை செய்தவன் நான். ஈசா நபி அல்லாவின் அனுமதியோடு நோயாளிகளைச் சுகமாக்கினார் என்பது அவர்களுடைய வேதத்திலேயே இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எந்த முஸ்லிமும் தலையாட்டக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு வந்த தலையாட்டலை எடுத்துக்கொண்டுபோய் என் கட்டத்தில் வைத்தேன். தெரிந்தே வைத்தேன் என்று சொல்லமாட்டேன். தெரியாமல் வைத்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

பையில் நம் கடிதத்தாள் இருந்தது. எடுத்து வைத்தேன். பேனா ஓடவில்லை. உங்களிடம் மறைப்பானேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் வேலையைப் பற்றியது அல்ல. ஒருவேளை அந்தத் தலையாட்டல் நிஜமாக இருந்தால்? அவர் மனசில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இல்லை என்று எழுதினால் நான் ஆண்டவரையே மறுதலித்ததாக ஆகிவிடாதா? ஜமாத்தார் காத்திருந்தார்கள். வெளியே படியில் அவள் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவர் காத்திருந்தார். நான் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் ஆத்துமாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒன்று புரிந்தது. அவர் மனசில் இருந்ததற்கு நான் சாட்சி இல்லை. என் கண் பார்த்ததற்கு மட்டும்தான் சாட்சி. அதை எழுதினால் பொய்யும் இல்லை, மறுதலிப்பும் இல்லை. மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அவருக்கு என் அரைப் பக்கம் தேவையில்லை. இப்படி எழுதினேன்:

'நூர் ஆலமிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் தலையாட்டினார். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதை நான் கேட்கவில்லை. அவர் தன் மார்க்கத்தை விட்டதாக என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. மடலில் நான் எழுதியது நான் பார்த்ததை அல்ல, நான் விரும்பியதை. அவருடைய மனைவியிடமும் ஜமாத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.'

கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையும் பையில் இருந்தது, அதையும் குத்தினேன். ஷரீப் பாய் விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். பிறகு சத்தமாக மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார். மேசை டிராயரைத் திறந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"இதே போன் குரூப்லயும் இத போடுவீங்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

"போடுவேன் பாய்."

போட்டேன். இயக்குநர் அனுமதிக்கமாட்டார் என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. அங்கேயே நின்று கடிதத்தைப் படம் எடுத்து, மடல் போன எல்லாருக்கும் என் எண்ணிலிருந்தே அனுப்பினேன். அதன் பலனை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் சேர்ந்த புதிதில் புத்தகக் கிடங்கில் கைப்பிரதிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த கிழவன் யார் என்று கேட்டீர்களாம். அது நான்தான். கடைசி மூன்று வருஷம் அங்கேதான் இருந்தேன். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது இன்னொரு ஜெப மடல் ஆகிவிடும். வருத்தம்தான். தெருவில் நடந்தவனுக்கு நாலு சுவருக்குள் இருப்பது தண்டனைதான்.

அன்று சாயங்காலத் தொழுகை முடிந்து அடக்கம் நடந்தது. நான் கபர்ஸ்தான் வாசலோடு நின்றுகொண்டேன். உள்ளே போக எனக்கு முகமில்லை. ஷரீப் பாய் திரும்பிப் பார்த்து, "என்னா அங்கயே நிக்கிறீங்க? வாங்க" என்றார். போனேன். எல்லோரும் போலவே மூன்று கைப்பிடி மண் போட்டேன். மண் ஈரமாக இருந்தது. திரும்பி வரும்போது யாரும் என்னோடு பேசவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அவர்கள் வழக்கப்படி பெண்கள் அடக்கத்துக்கு வருவதில்லை. கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதும் உண்டு. அதை இத்தா என்பார்கள். அந்த நாட்களில் அண்ணியின் கையில் அரிசி பருப்பு கொடுத்தனுப்பினேன், நான் போகவில்லை. சஃபூரா மறுபடியும் மார்க்கெட்டுக்கு வர ஆரம்பித்தாள் என்று அண்ணி சொன்ன பிறகுதான், ஒரு சனிக்கிழமை காலை மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன்.

வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வா சார். உன்னதான் பாக்கணும்னு இருந்தேன். உனக்கு போன் பண்ணலாம்னா, அண்ணி வேணான்னுச்சு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையசைத்து அதைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"எங்க வச்சாங்க? நீ பாத்த இல்ல?"

சொன்னேன். வாசலிலிருந்து உள்ளே போய் இடது பக்கம், சுவரை ஒட்டி, மூன்றாவது வரிசை. பக்கத்தில் ஒரு வயசான அம்மாவின் கபர். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், பிள்ளைகள் சத்தம் கேட்கும். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் என்றதும் கொஞ்சம் முகம் தெளிந்தது.

"இன்னொண்ணு சார்" என்றாள். "நான் அன்னிக்கு மதியம் வர்றப்போ அவருக்கு நெனப்பு இல்ல. அப்பறம் வரவே இல்ல. காலையில நீதான் கூட இருந்தே. எனக்கு எதனா சொல்லச் சொன்னாரா?"

தம்பி தங்கைகளே, ஜமாத்தாருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் 'அவர் எதுவும் சொன்னதை நான் கேட்கவில்லை' என்று எழுதியபோது அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்று காலை அவர் தலையாட்டிய பிறகு வாயைத் திறந்தார். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. ஏதோ சொல்ல வந்தார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "அலட்டிக்காதீங்க பாய்" என்று சொல்லி, அவர் தலைமேல் கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவளிடம் அதை அப்படியே சொன்னேன். வேறு என்ன செய்வது? சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா நேரம் பண்ணினே?"

"ரொம்ப நேரம் சஃபூரா."

"அம்மா நேரமும் அவரு பேசிக்கினு இருந்தாரா?"

"தெரியாதும்மா" என்றேன். "நான் கண்ண மூடிக்கினு இருந்தேன்."